கரையாத இறகு

சீத்தமேட்டில் அந்தக் காலத்தில் பச்சைப் பிள்ளைகளை யாரும் முத்தமிட மாட்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை, பாசம் இருந்ததால்தான். பெற்றவளே பால் கொடுக்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணி கட்டியிருப்பாள். பிள்ளைக்கு அம்மாவின் நெற்றி தெரியும், கண் தெரியும், சிரிப்பு மட்டும் தெரியாது. முதல் பல் எட்டிப் பார்க்கிற அன்றைக்குத்தான் துணி அவிழும். அன்று தெருவே திரண்டு வந்து அந்தக் கன்னத்தைச் சிவக்க வைத்துவிடும். பிள்ளை மிரண்டு போய் வீல் என்று கத்தும்.

இந்த வழக்கமெல்லாம் பசியால் வந்தது.

நாமக்கல்லுக்கு மேற்கே போனால் கண்ணுக்கு எட்டிய வரை கோழிப் பண்ணைகள். மழை பொய்த்துப் பொய்த்துப் பருப்பு விளைவது நின்றுபோன வருடங்களிலும் கோழிகள் இருந்தன. ஆனால் முட்டையும் கறியும் கப்பலேறி, விலை கொடுக்கக்கூடிய ஊர்களுக்குப் போய்விட்டன. நம் பக்கத்தில் தங்கியது இறகு. மலை மலையாக இறகு. அந்த இறகும் புரதம்தான். பருப்பிலும் முட்டையிலும் உள்ள அதே சரக்குதான். ஆனால் கயிறு மாதிரி முறுக்கி இறுக்கிய சரக்கு. மனித வயிற்றில் சுரக்கிற நொதிக்கு அந்த முறுக்கை அறுக்கத் தெரியாது. அறுக்கத் தெரிந்த நொதி ஒன்று, பண்ணைக் குப்பைமேட்டு மண்ணில் ஒரு நுண்ணுயிரிடம் இருந்தது. விஞ்ஞானிகள் அதை வாங்கி, மனித வயிற்றோடு ஒத்துப்போகிற வேறொரு நுண்ணுயிருக்குள் வைத்து, சொட்டு மருந்தாக்கினார்கள். வயதுக்கு வருமுன் ஒரு குப்பி குடித்தால் போதும். அது வாயிலும் வயிற்றிலும் ஆயுளுக்கும் குடியிருக்கும். வளர்ந்த வயிறு அதை ஏற்காது, துப்பிவிடும்.

சொட்டு விழுந்த வயிறு இறகு மாவைப் பருப்பு போலச் செரித்தது. ரேஷன் கடையில் இறகு மாவு மூட்டை மூட்டையாக இறங்கியது. அதில் களி கிண்டினார்கள், அடை தட்டினார்கள், முறுக்குக்கூடச் சுட்டார்கள். கோழியை எங்கேயோ யாரோ தின்கிறார்கள், நாம் அதன் சட்டையைத் தின்கிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கிற தெம்பைக் கொடுத்ததே அந்த மாவுதான். அதனால் சொட்டைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழுந்ததில்லை.

வஞ்சிக்கொடிக்கு மட்டும் அதன்மேல் ஒரு பயம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். சொட்டு குடித்து வளர்ந்த முதல் பெண்கள் தாயாகிக்கொண்டிருந்த காலம், அம்மாவும் அவர்களில் ஒருத்தி. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா அவனைக் கொஞ்சிய கொஞ்சலில் கன்னம் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். கொழுகொழுவென்று வளர்ந்தான், தெருவே கண் போட்டது. மழைக்காலத்து முதல் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்த வருடம் அப்படி எத்தனையோ பிள்ளைகள். முத்தத்து எச்சில் வழியாகச் சொட்டு பிள்ளைக்குள் போனதுதான் காரணம் என்று தெரிந்த பிறகு அம்மா வஞ்சியைக்கூட முத்தமிட்டதில்லை. அப்படியே இருந்து செத்தும் போனாள்.

அந்த வஞ்சி கல்யாணமாகி, கரு தங்காமல் தங்காமல் கலைந்து, கடைசியில் நிறைமாதமாக நின்றாள். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளை உட்கார வைத்து நர்ஸ் பரீதா பாடம் எடுப்பாள். அந்த அம்மாள் பேசினால் கூரை ஓடு அதிரும்.

"முத்துன ஆட்டுக் கறிக்குப் பப்பாளிக் காய் ஒரு துண்டு போட்டா பஞ்சா வெந்துருதே, எதனால? பப்பாளிப் பால்ல ஒரு கத்திரிக்கோல் இருக்கு. கறிய அது நறுக்கி விட்டுருது. அன்னாசி தின்னா நாக்கு ஏன் எரியுது? நீங்க அன்னாசியத் திங்கறீங்க, அன்னாசி உங்க நாக்கத் திங்குது."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வஞ்சி சிரிக்கவில்லை.

"அப்ப நம்ம வயித்துக்குள்ள இருக்கற கத்திரி நம்மளையே நறுக்காதுங்களா?"

"நறுக்கும். அதனாலதான் உடம்பு அத உறை போட்டுச் செஞ்சு வெக்குது. சாப்பாடு வந்தாத்தான் உறைய உருவும். பச்சப் பிள்ளை இன்னும் சூட்டிகை. கொஞ்ச காலத்துக்குக் கத்திரிய ரொம்ப வெளிய எடுக்காது. ஏன்னா அம்மா சீம்பால்ல காவல்காரங்கள அனுப்பியிருக்கா. நோயத் தடுக்கற காவல்காரங்க. அவங்களும் புரதம்தான். முழுசா இருந்தாத்தான் காவல். நறுக்கிட்டா வெறும் சாப்பாடு."

"சொட்டு போச்சுன்னாங்?"

"சொட்டுக்கு உறையும் இல்ல, மரியாதையும் இல்ல. காவல்காரனும் களியும் அதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் நறுக்கி ஊட்டும். பிள்ளை கொழுகொழுன்னு இருக்கும். அதான் ஏமாத்திப்புடும்."

வஞ்சி அன்று வீட்டுக்கு வந்து, கட்டிக்கொள்ள இருக்கிற துணிகளை எல்லாம் கொதிநீரில் போட்டு எடுத்து மடித்து வைத்தாள்.

அம்மா இல்லாத பெண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்க்க வந்து நின்றவள் நாத்தனார் மயிலாத்தாள். கணவனின் அக்காளை நங்கை என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தாய் தகப்பனைப் பஞ்சத்தில் பறிகொடுத்துவிட்டு, தானும் ஒரு சிறுமியாக இருந்துகொண்டு, தம்பி நாச்சிமுத்துவை வளர்த்தவள் இந்த நங்கை. தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒடிந்து விழுகிற உடம்பு. கேட்டால் பிறவி வாகு என்பாள். நாச்சிமுத்து இறகு லாரி ஓட்டுகிறவன். அக்காளைப் பற்றிப் பேச்செடுத்தால் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவான்.

வெயில் இறங்காத ஒரு மத்தியானத்தில் சுகாதார நிலையத்தில் பெண் பிள்ளை பிறந்தது. வஞ்சி துணியைக் கட்டிக்கொண்டு முதல் பாலைக் கொடுத்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு வாயையும் ஒவ்வொரு காவல்காரனாக நினைத்துப் பார்த்தாள். அப்புறம் அயர்ந்து தூங்கிவிட்டாள்.

இங்கே சேனை வைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதன்முதலாக விரலால் தொட்டு வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் நல்ல மனது உள்ளவராகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். சொட்டு வந்த பிறகு யார் விரலையும் பிள்ளை வாயருகே விடக்கூடாது என்றாகிவிட்டது. ஜனங்கள் வழக்கத்தை விடவில்லை, நர்ஸ் பரீதாவே கையுறை போட்டு, மருந்து விடுகிற ஃபில்லரால் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் விடட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். சீத்தமேட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்று போல உரத்த குரலில் அதட்டுவதற்கு இதுதான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வஞ்சி கண் விழித்தபோது தொட்டிலில் பிள்ளை இல்லை. ஜன்னலோரம் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. முகத்தில் துணி இல்லை. பக்கத்தில் சின்னப் பித்தளைக் கிண்ணம். அவள் விரலைத் தோய்த்தாள். தித்திப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். சமைக்கிற கை அல்லவா, பார்த்துத்தான் பழக்கம். அதே விரலை மறுபடி தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்பியது.

வஞ்சி போட்ட கூச்சலில் நாச்சிமுத்துவும் பரீதாவும் ஒன்றாக ஓடி வந்தார்கள். வஞ்சி பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் துணியால் துடைத்தாள், துடைத்தாள். எத்தனை துடைத்தாலும் ஆவதில்லை என்று அவளுக்கே தெரியும்.

"ஒண்ணும் ஆவாது அம்மிணி. எம்பேச்ச நம்பு," என்றாள் மயிலாத்தாள்.

நாச்சிமுத்து அக்காளை எதிர்த்து ஒரு சொல் பேசினவன் இல்லை. அன்று பேசினான். "உனக்குப் புத்தி எங்கக்கா போச்சு? நீயும் நானும் ஒரே வரிசைல நின்னு சொட்டு வாங்குனவிய. உம்பட எச்சில்ல இல்லாததா?"

அவள் வாயைத் திறந்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பரீதா சோதனைக்கு ஏற்பாடு செய்தாள். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு வெள்ளைக் கோழி இறகைப் போட்டு, பிள்ளையின் வாயில் பஞ்சால் தொட்ட எச்சிலை அதில் விடுவார்கள். சொட்டு இருந்தால் இறகு கரையும். பெரியவர்கள் எச்சில் என்றால் பொழுது சாய்வதற்குள் கூழாகிவிடும். பிள்ளை வாயில் அது இன்னும் பெருகியிருக்காது என்பதால் சில நாள் பிடிக்கும். கரைந்தால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. சொட்டைக் கொல்கிற மருந்து பச்சைப் பிள்ளையையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

குழாயை ஜன்னல் திட்டில் நிறுத்தினார்கள். வஞ்சியின் உலகம் அந்த ஜன்னல் திட்டாகிவிட்டது. இறகின் ஓரத்து மயிரிழை லேசாக அசைந்தாலும் கரைகிறதோ என்று எழுந்து உட்காருவாள். சோறு இறங்கவில்லை. வெளியே மரத்தடியில் கல் கூட்டி மயிலாத்தாள் சமைத்து நர்ஸ் கையில் கொடுத்தனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பினாள். நாச்சிமுத்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் வாசற்படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வஞ்சிக்குப் பால் வற்ற ஆரம்பித்தது. பிள்ளை காம்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

அதைப் பார்த்துப் பரீதா கத்தித் தீர்த்தாள். இறகு கரைகிறதோ இல்லையோ, பிள்ளை இப்போதே பட்டினி கிடக்கிறது, காவல்காரனை அனுப்புகிறவளே சோற்றை ஒதுக்கினால் காவல்காரன் எங்கிருந்து வருவான் என்று அவள் கேட்டது வெளியே மரத்தடி வரை கேட்டது.

மயிலாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி லோடு ஏற்றப் போகிற வரை பொறுத்திருந்தாள். பிறகு வாயில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்து, நர்ஸிடம் இரண்டு குழாயும் இரண்டு இறகும் கேட்டாள். ஒன்றில், துணியை விலக்கி, தானே துப்பினாள். மற்றதை வஞ்சியிடம் நீட்டினாள்.

"நீயும் துப்பு அம்மிணி."

இது என்ன கூத்து என்று வஞ்சிக்கு எரிச்சல் வந்தது. நங்கை முகத்தில் துப்புவதாக நினைத்துக்கொண்டே துப்பினாள். மயிலாத்தாள் இரண்டையும் பிள்ளையின் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாய்ந்தபோது வஞ்சியின் இறகு கஞ்சியாகி அடியில் படிந்திருந்தது. மயிலாத்தாளின் இறகு விறைப்பாக நின்றது. இறகில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பரீதா வேறு இறகு போட்டு மறுபடி துப்பச் சொன்னாள். மறுநாள் காலையில் பார்த்தால் அதுவும் மயிரிழை கலையாமல், கோழியிலிருந்து அப்போதுதான் உதிர்ந்தது போல நின்றது. பரீதா அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம், வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமில்லாமல் அறையை விட்டுப் போனாள்.

வஞ்சி குழாய்களைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஒடிசலான உடம்பைப் பார்த்தாள். ஒன்றோடு ஒன்று மெதுவாகச் சேர்ந்தது.

"உங்களுக்குச் சொட்டே விழலியா, நங்கை?"

"எங்க முறை வந்தப்ப ஒரு குப்பிதான் மிச்சம் இருந்துச்சு. ஆளுக்குப் பாதி குடுத்தா ரெண்டு பேருக்கும் பிடிக்காதுன்னுட்டாங்க. அவன் ரொம்பச் சின்னவன். பசிச்சா மண்ண அள்ளித் திம்பான். அவன் வாயில ஊத்திட்டேன். எனக்கு உள்ள ஊத்திட்டாங்கன்னு அவன்கிட்டச் சொல்லி வெச்சேன். அடுத்த முகாம் வர்றதுக்குள்ள நான் பெரிய மனுசி ஆயிட்டேன்."

"அப்ப இத்தன வருசமும் எங்களோட உக்காந்து அந்தக் களிய..."

"வயிறு ரொம்புமில்ல." மயிலாத்தாள் சிரித்தாள். "அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும். சோறு உசுரப் பிடிச்சு வெச்சுக்கும். எப்பவாச்சும் ஒரு வாய் மோரு கெடைக்கும்."

வஞ்சிக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு என்றால் இரண்டு வீட்டாரும் இறகு பார்ப்பார்கள். சொட்டு விழாத பெண்ணுக்குப் பருப்பும் முட்டையும் வாங்கிப் போட எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நங்கை ஏன் இறகு பார்க்கிற நாளுக்கு முன்னாலேயே தட்டிக் கழித்தாள் என்பது அவளுக்கு விளங்கியது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் எப்படித் துடிச்சேன்."

"அவன் நின்னுட்டிருந்தானே அம்மிணி. அவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் சோறு எறங்காது. நீயும் சொல்லிராத." பிள்ளையின் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "நீ உண்டாயிருக்கன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்கு ஒரே நெனப்பு. ஊர்ல ஒருத்தி விரல்ல சேனை வெக்கலாம்னா அது நாந்தான். ஆசை கண்ண மறைச்சிருச்சு. உங்கிட்டக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கோணும்."

வஞ்சி அன்று முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டாள். இரண்டு நாளில் பால் மறுபடி கட்டியது. கெடு முடிந்து பரீதா பிள்ளையின் குழாயை எடுத்துப் பார்த்தாள். அந்த இறகும் கலையாமல் இருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். எப்படித் தப்பித்தது என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, எல்லாம் நேரம்தான் என்று அதட்டி அனுப்பிவிட்டாள். அவன் நேரே மரத்தடிக்குப் போய் அக்காள் காலடியில் உட்கார்ந்து, பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றானாம். அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு, லாரி ஓட்டுகிறவன் இப்படியா எண்ணெய் வைக்காமல் இருப்பது என்று கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், அவன் லாரிக்குப் போனதும், வஞ்சி கதவைச் சாத்தினாள். பிள்ளையை மயிலாத்தாள் மடியில் வைத்தாள்.

"எனக்குப் பதிலா நீங்க முத்தங் குடுங்க, நங்கை. நான் பாக்கறேன்."

மயிலாத்தாள் எழுந்துபோய் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். சொட்டு இல்லாத வாய்தான், இருந்தாலும் கொப்பளித்தாள். குனிந்து பிள்ளையின் கன்னத்தில் முத்தமிட்டாள். பிள்ளை புறா மாதிரி ஒரு சத்தம் போட்டது. வஞ்சி துணிக்குப் பின்னால் அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொரு கன்னம் என்றாள். நெற்றி என்றாள். உள்ளங்கால் என்றாள். ஒவ்வொன்றும் தன் கணக்கு என்றும், நங்கைக்கு வேண்டுமானால் அதற்குமேல் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். தன் அம்மாவுக்காகவும் ஒன்று கொடுக்கச் சொன்னாள். அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

அதோடு இன்னொரு வேலையும் செய்தாள். தனக்கு முட்டையும் பருப்பும் மோரும் வேண்டும் என்று நாச்சிமுத்துவிடம் கேட்டாள். சொட்டு விழுந்தவளுக்கு எதற்கு முட்டை, ஊர் சிரிக்காதா என்றான் அவன். பால் கொடுக்கிறவள் கேட்டால் வாங்கித் தர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்றாள். பண்ணையில் கப்பலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கீறல் முட்டைகளை அவன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வந்தான். அவன் தலை மறைந்ததும் அதெல்லாம் மயிலாத்தாள் தட்டுக்குப் போகும். அவள் மாட்டேன் என்று கையை மூடிக்கொள்வாள். அப்படியானால் நானும் பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்று வஞ்சி திரும்பி உட்காருவாள். இந்தச் சண்டையில் தினமும் தோற்பது மயிலாத்தாள்தான். மெல்ல மெல்ல அவள் கன்னத்தில் சதை பிடித்தது. படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. அறுபது வயதுக் கிழவி மாதிரி இருந்தவளுக்கு அவள் வயது திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் லாரியில் பெல்ட் அறுந்துபோய் நாச்சிமுத்து நடந்தே வீட்டுக்கு வந்தான். ஜன்னல் சாத்தாமல் இருந்தது. உள்ளே அக்காள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு, தட்டில் பருப்புச் சோறும் முட்டையும். முகத்தில் துணி இல்லை. மடியில் அவன் மகள். அக்காள் குனிந்து அந்த முகமெல்லாம் முத்தமிடுகிறாள். துணி கட்டிய வஞ்சி பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை விட்டுவிட்டீர்கள் நங்கை, மூக்கில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆயுசு முழுக்க இறகு ஏற்றி இறக்குகிறவன் அவன். முட்டை யாருக்குத் தேவை, எந்த வாய் பச்சைப் பிள்ளையை முத்தமிடலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்த சுவடு தெரியாமல் ரோட்டு வரை திரும்பி நடந்து, அங்கிருந்து உரக்க இருமிக்கொண்டே வந்தான். உள்ளே பாத்திரம் மறைக்கிற சத்தம் கேட்டு ஓய்கிற வரை வாசல் குழாயில் முகம் கழுவினான். தூசி போகிறதே இல்லை என்கிற மாதிரி கழுவினான். அன்று களியை அவன் வழக்கம்போலச் சாப்பிட்டான், ஒரு துளி மிச்சம் வைக்காமல். அக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

மறுநாள் இரண்டு மடங்கு முட்டை வந்தது. கீறல் முட்டை இல்லை, கப்பலுக்குப் போகிற முழு முட்டை. கூடவே துவரம்பருப்பு.

"பால் குடுக்கறவளுக்கு அது பத்தாது," என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பிள்ளைக்கு முதல் பல் வந்தது. தெருவே வந்து முத்தமிட்டுப் போனது. வஞ்சி துணியை அவிழ்த்து முதல் முத்தத்தைக் கொடுத்தபோது, பிள்ளை அவள் சிரிப்பைப் புதுசாக இருக்கிறதே என்று விரலால் தொட்டுப் பார்த்தது. காலாகாலத்தில் அதற்குச் சொட்டும் விட்டார்கள். பால் மறந்தது, நடந்தது, ஓடியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது.

நாச்சிமுத்து வாரா வாரம் முட்டைக் கூடையோடு லாரியிலிருந்து இறங்குகிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"ஏனப்பா, உன்ர புள்ள ரெண்டாப்புப் படிக்குது. இன்னுமா உங்கூட்டுல பால் குடுக்கறாங்க?"

"ஆமாங்," என்றான் அவன், ஒரு முட்டையும் உடையாமல் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "எங்கூட்டுல இன்னும் நிறுத்தலைங்."